மதகுக் காட்சி

நான்கு நாட்களாகத் தையலம்மா தன் புருஷனோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் ‘ம்’ கொட்டுகிற ரகமாக இருந்தாலும் பரவாயில்லை. சுத்தமாகப் பேச்சே கிடையாது. சாப்பாட்டுத் தட்டை மேசையில் ‘டங்’கென்று வைப்பாள், வந்து கொட்டிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அவரும் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. சாப்பிட்டு முடித்ததும் அதே ‘டங்’கோடு தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், வெளியூரில் படிக்கிற ஒரு பெண், இரண்டு தலையிலும் நரை. இந்த லட்சணத்தில் வீம்புக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நாடகக் குழுவில் வேலை. அவர் தலைமை நடிகர். குழுவில் எல்லோருக்கும் அண்ணன். அவள் உடைகளுக்குப் பொறுப்பு. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, தையலம்மா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். மேடையின் இடதுபக்கத்தை ஒட்டி அவளுடைய அறை. ஒரு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரி மேசை, சுவர் முழுக்க ஆளுக்கொரு கொக்கி. கதவைத் திறந்தால் மேடைதான். அந்த வாசலில் நின்றபடி இந்த நாடகத்தை அறுபது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள்.

நாடகம் ஓர் அணைக்கட்டின் மதகுக் காவலரைப் பற்றியது. கடைசிக் காட்சியில் பேய்மழை பெய்யும். அணை உடைந்தால் ஊரே போய்விடும். மதகு மேட்டில் தொலைபேசி மூன்று தடவை அடிக்கும். முதல் மணிக்குக் காவலர் சிரித்துக்கொண்டே பேசுவார், உதவியாளைக் கேலி செய்வார். இரண்டாவது மணியில் மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு வரும். ஆற்றுப் படுகையில் இருக்கிறவர்களை மேடேற்றச் சொல்லி உதவியாளை அனுப்பிவிட்டு, அவர் தன்னந்தனியாக நின்று சக்கரத்தை ஒன்பது சுற்றுச் சுற்றி மதகைத் திறப்பார். மூன்றாவது மணியில் அந்த உதவியாள் பேசுவான். எல்லோரும் மேடேறிவிட்டார்கள், ஆனால் உங்கள் மகள் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு குறுக்கு வழியாக ஆற்றுக்குள் இறங்கிப் போனாளாம் என்பான். வீட்டில் அம்மா கட்டிக் கொடுத்தனுப்பிய சாப்பாடு. அந்த அம்மா நாடகத்தில் கடைசிவரை மேடைக்கே வர மாட்டாள், பேச்சில் மட்டும்தான். காவலர் மதகு மேட்டின் கம்பியழி மேல் சாய்ந்து, மகளைத் தேடி வெள்ளத்தில் குதிப்பார். திரை விழும்.

புதன்கிழமை மதியம் குழுவில் நாலைந்து பேர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது பேச்சு இந்தக் காட்சியில் வந்து நின்றது. தையலம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“மூணாவது மணிக்கு அப்புறம் நீங்க சீக்கிரமாக் குதிச்சிடறீங்க. கொஞ்சம் நிக்கணுங்க. குதிச்சுட்டா அந்த ஆளுக்கு நிம்மதிதானே? அப்புறம் பாக்கறவங்களுக்கு என்ன இருக்கு?”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “கேட்டுக்குங்கப்பா. பொத்தான் தைக்கறவங்க எனக்கு நடிப்புச் சொல்லித் தர்றாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அவள் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பொத்தான் தைக்கிறவள்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் துணியைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாதா என்ன? முதல் மணியின்போது அவர் சட்டை முதுகில் தொளதொளவென்று தொங்கும். இரண்டாவது மணிக்கு அக்குளில் இழுக்கும். சக்கரம் சுற்றச் சுற்றத் தோள் இறுகி, ஏழாவது சுற்றில் முதுகுத் துணியில் ஒரு மடிப்புக்கூட இருக்காது. வசனத்தில் காவலர் தைரியமாகத்தான் பேசுகிறார்; பயம் முதலில் ஏறுவது அந்த முதுகில்தான். இதையெல்லாம் அவள் அறுபது தடவை பார்த்தவள். அவர் தன் முதுகைத் தானே பார்த்ததுண்டா?

அந்தச் சட்டைக்கு உள்ளே அவர் போட்டுக்கொள்வது ஒரு வார்ச்சட்டை. கூடாரத் துணியில் தைத்தது. சுற்றிலும் அகலமான வார், முதுகில் ஓர் இரும்பு வளையம். சக்கரத்தின் பின்னால் குனியும்போது மேலிருந்து தொங்கும் கம்பியை அவர் அந்த வளையத்தில் மாட்டிக்கொள்வார். குதித்ததும் மேலே இருக்கிற கம்பிக்காரர் கப்பியைப் பிடித்து மெதுவாக இறக்குவார். மதகு மேட்டிலிருந்து மேடைக்கு அடியில் வரை பதினாலடிப் பள்ளம். கீழே மெத்தை போட இடமில்லை. வெள்ளம் புரளுவதுபோல் வெளிச்சம் காட்டும் விளக்குகளும் அவற்றைத் தாங்கும் கூர்கூரான இரும்புச் சட்டங்களும் அங்கே நெருக்கியடித்து நிற்கும். அவரைக் கீழே அனுப்புவதும் காப்பாற்றுவதும் அந்த வார்ச்சட்டைதான். அது தையலம்மாவின் கைவேலை.

சர்க்கரை வியாதி வந்து இரண்டு மாதமாக அவர் இளைத்துக்கொண்டே போனார். வார்ச்சட்டை தளர்ந்து நெஞ்சுக்கு ஏறியது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் இரண்டு பக்கமும் வாரைப் பிரித்து, உள்ளே தள்ளி, அளவு பார்ப்பதற்காக வெள்ளை நூலால் கையால் ஓட்டுத் தையல் போட்டு வைத்தாள். அவர் வந்து மாட்டிப் பார்க்க வேண்டும். அவள் சாக்கட்டியால் குறி போட வேண்டும். அப்புறம் இயந்திரத்தில் தடித்த நூலால் நாலு வரிசை அடிக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் நடக்கும். ஆனால் கூப்பிட வாயைத் திறக்க வேண்டுமே! அவள் அதைக் கொண்டுபோய் அவருடைய கொக்கியில் மாட்டினாள். மாட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன இப்படி இருக்கிறது என்று அவராகவே வந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டு மணிக்கு அவளுக்கு வார்ச்சட்டை நினைவு வந்தது. போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். பக்கத்து ஒப்பனை அறையில் அவர் ஏதோ சொல்லி எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. ஆனாலும் அது தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, வரட்டுமே என்று மறுபடி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம், மகள் வேஷம் போடும் பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள். “அக்கா, ஜிப் பிச்சுக்கிச்சுக்கா! முதல் சீன்லயே நான் வரணும்!”

அந்தப் பாவாடையின் ஜிப்பைப் பிரித்து, வேறு ஜிப் தேடி, அது பத்தாமல் போய், கடைசியில் பாவாடையைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, உடம்பின் மேல் வைத்தே தைத்து அனுப்பினாள். அதற்குள் முதல் வசனம் தொடங்கிவிட்டது. அடுத்து ஒருவர் பின் ஒருவராக உடை மாற்ற வந்தார்கள். தலைக்கு மேல் வேலை, கொக்கியிலிருந்து யார் எதை எடுத்துப் போனார்கள் என்று பார்க்கக்கூட நேரமில்லை. வார்ச்சட்டை அவள் நினைப்பிலிருந்து நழுவிப் போயிற்று.

கடைசிக் காட்சிக்குத்தான் மூச்சு விட நேரம் கிடைத்தது. அளவு நாடா கழுத்தில் தொங்க, ஊசிமெத்தை மணிக்கட்டில் இருக்க, வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள். ஒலிபெருக்கியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு இரும்புப் படிகளுக்கு மேலே மதகு மேடு. அங்கே சக்கரமும் கம்பியழியும் தொலைபேசியும். முதல் மணி முடிந்து, இரண்டாவது மணியில் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“திறந்துடறேங்கய்யா. நீங்க சொன்னா சரி. ஆனா கீழ ஜனங்க இருக்காங்கய்யா.”

சட்டை அக்குளில் இழுத்தது. அவள் கண் அங்கிருந்து இடுப்புக்கு இறங்கியது. என்னவோ வித்தியாசமாக இருந்தது. இரண்டு மாதமாக வார்ச்சட்டை ஏறிக்கொண்டு நெஞ்சுக்குக் கீழே ஒரு புடைப்பு தெரியும். இன்றைக்கு அது இல்லை. சட்டை கச்சிதமாக, வழவழவென்று உடம்போடு உட்கார்ந்திருந்தது. அட, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள், பைத்தியக்காரி.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கச்சிதமாக இருக்கிறதென்றால் பிரித்துத் தைத்ததைப் போட்டிருக்கிறார். வெறும் ஓட்டுத் தையல். கம்பிக்காரர் லேசாக இழுத்துப் பார்த்தால் தாங்கும். எழுபது கிலோ ஆள் அதில் தொங்கினால் ‘சர்’ரென்று ஒரே கிழிசல். கீழே இரும்புச் சட்டங்கள்.

உதவியாள் படியிறங்கி ஓடினான். அவர் சக்கரத்தில் கை வைத்தார். ஒன்று.

மேடை மேலாளர் உட்கார்ந்திருப்பது எதிர்ப்பக்கம். திரைக் கயிறும் அங்கேதான். மேலே இருக்கிற கம்பிக்காரரிடம் போகும் ஏணியும் அங்கேதான். பின்திரை சுவரோடு ஒட்டித் தொங்குகிறது, அதன் பின்னால் போக வழியில்லை. வெளியே போய், தாழ்வாரத்தைச் சுற்றி, சீட்டுக் கொடுக்கும் இடம் வழியாக மறுபக்கம் ஓடினால் நாலு நிமிஷம். ஒன்பது சுற்றுக்கு இரண்டு நிமிஷம். மூன்றாவது மணிக்கு அரை நிமிஷம்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள். காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கரடியாய்க் கத்தினாள். எதிர்ப்பக்கத்து இருட்டில் மேலாளர் தலையைக் குனிந்து காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார். அளவு நாடாவை வீசி ஆட்டினாள். அவர் நிமிரவில்லை. நாலு.

ஐந்தாவது சுற்றில் அவர் சக்கரத்தின் பின்னால் குனிந்தார். அவருடைய கை முதுகுக்குப் போவதும் கம்பி வளையத்தில் மாட்டுவதும் அந்தக் கோணத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து, ஆறாவது சுற்றைத் தொடங்கினார்.

போ, ஓடு என்று மனசு அடித்துக்கொள்கிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷத்தில் திரை ஏறியிருக்கும்போது அவள் மேடையில் ஒரு கால் வைத்ததில்லை. அங்கே அந்த இருட்டில் அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்தின் விளிம்பு அவள் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. ஏழு. முதுகில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. மூன்றாவது மணி பேசி முடித்ததும் மழைச் சத்தம் ஒரேயடியாக நிற்கும். அப்போது கத்தினால் கேட்கும். ஆனால் அப்போது அவர் கம்பியழி மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டிருப்பார். சத்தத்தில் திடுக்கிட்டாலே போதும். கத்துவதற்கு முன்னால் அவர் சட்டையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். எட்டு. ஒன்பது.

தொலைபேசி மூன்றாவது முறை அடித்தது. தையலம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெளிச்சத்துக்குள் நடந்தாள்.

முதல் படி சில்லென்று இருந்தது. நாலாவது படியில் புடவை தடுக்கியது. மேலே அவர் பேசுவது மழைக்குள் விட்டு விட்டுக் கேட்டது. “யாரு?... எந்தப் பொண்ணு?... என் பொண்ணா?” கீழே இருட்டில் யாரோ இருமினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். எட்டாவது படி. ஒன்பதாவது படி.

மழை நின்றது.

அந்த அமைதியில் அவள் மூச்சு அவளுக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. அவர் தொலைபேசியைத் தொங்க விட்டுவிட்டுக் கம்பியழியைப் பிடித்திருந்தார். ஒரு கால் கீழ்க்கம்பியில் ஏறிவிட்டது. தோள் முன்னால் போகிறது. மேலே கம்பி விறைக்கிறது. வளையத்தில் பாரம் இறங்க ஆரம்பித்தது அவளுக்குத் தெரிந்தது. சட்டைக்கு உள்ளே இடது பக்கத்து வார் ஒரு விரற்கடை நகர்ந்தது.

“ஏங்க,” என்றாள் மெதுவாக. சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில்.

நாலு நாளாகக் கேட்காத குரல். அவர் திரும்பினார். ஆளைக் கண்டதும் முகத்தில் வந்தது சுத்தமான கோபம். நடிப்பு இல்லை, வீட்டுக் கோபம். சண்டையை மேடைக்கே கொண்டுவந்துவிட்டாளே பாவி என்ற கோபம். ஆனாலும் முப்பது வருஷ நடிகர் இல்லையா, சமாளித்தார்.

“நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுக்குப் போ.”

“வர்றேன்.” மிச்சப் படிகளை ஏறினாள்.

“போன்னு சொல்றேன்ல!” என்று கத்திவிட்டு மறுபடி கம்பியழிப் பக்கம் திரும்பினார். இன்னொரு காலையும் தூக்கினார்.

அவள் பாய்ந்து அவர் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். உடும்புப் பிடி. நெற்றியை அவர் முதுகில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள். “தையல் போடல. ஓட்டி மட்டும்தான் வச்சிருக்கேன். சாயாதீங்க.”

அவர் உடம்பு அப்படியே கல்லாகிப் போனது. பிடித்திருந்த இடத்தில் துணிக்குக் கீழே நூல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பதை அவள் விரலால் உணர்ந்தாள். சட்டைக்குள் ஒரு கையை விட்டாள். வார் ஒரு பக்கம் முழுக்கக் கையோடு வந்தது. கம்பியை வளையத்திலிருந்து கழற்றி விட்டாள். அவர் ஒரு காலை இறக்கினார், பிறகு மற்றக் காலை. இரண்டு காலும் தரையில் நின்ற பிறகும் அவள் பிடியை விடவில்லை.

ஆள் பிழைத்தாயிற்று. இப்போது என்ன செய்வது? நாடகம் பாதியில் நிற்கிறது. அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வசனம் இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. எத்தனையோ மேடை பார்த்த மனுஷன், பள்ளத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நின்றார். அவர் வாயிலிருந்து இனி ஒரு சொல் வராது என்று அவளுக்குப் புரிந்தது.

அவளுக்கோ இந்தக் காட்சி தலைகீழ்ப் பாடம். காவலர் குதிக்கவில்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருந்தால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடம்? சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிய அம்மாவிடம். அவள்தானே இப்போது எதிரே நிற்கிறாள்!

“பொண்ணு வந்தாளாங்க?” என்று கேட்டாள்.

அவர் தொங்கும் தொலைபேசியைப் பார்த்தார்.

“சாப்பாடு குடுத்து அனுப்பினேன். நேரமாச்சே, அப்பா பசியோட இருப்பாருன்னு நான்தான் சீக்கிரம் போகச் சொன்னேன். வந்து சேந்தாளா?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, கேட்காதே என்றா என்று தெரியாத ஓர் ஆட்டல்.

“எந்த வழியா வந்தா? ரோட்டு வழியாத்தானே?”

அவர் சக்கரத்தைப் பார்த்தார். அவளும் அதைப் பார்த்தாள். கீழே முன்வரிசையில் ஒரு பெண், “ஐயோ, சொல்லாதீங்க,” என்று வாய்விட்டே சொன்னாள்.

“மதகைத் திறந்துட்டாங்களா? யாருங்க திறந்தது?”

அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளுக்குத் தெரியும், இந்த நாடகத்தில் அவர் ஒருநாளும் அழுததில்லை.

“நான்தான்,” என்றார். “நான்தான் திறந்துட்டேன்.”

எதிர்ப்பக்கத்தில் மேலாளர் விழித்துக்கொண்டு திரைக் கயிற்றை இழுத்தார்.

அப்புறம் கைதட்டல் ஆரம்பித்து நிற்காமல் போயிற்று. இயக்குநர் இரண்டிரண்டு படியாக மேலே ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது, திட்டுவதற்கென்றே கிளம்பி வந்திருந்தார். வந்து சேர்வதற்குள் கண் கலங்கிவிட்டது.

“யாரு இதை யோசிச்சது? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா? என்ன ஒரு சீன்! இனிமே தினமும் இப்படித்தான். குதிக்கவே வேணாம், அண்ணே!”

அவள் புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியிறக்கித் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார வைத்துச் சட்டையைக் கழற்றினாள். வார்ச்சட்டை உள்ளேயிருந்து இரண்டு துண்டாக விழுந்தது. ஒரு துண்டில் இரும்பு வளையம், இன்னொன்றில் தொங்கும் வெள்ளை நூல். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. யாரும் கேட்காமலே கொட்டிவிட்டாள்.

“நான்தாங்க. மறந்து போகல. ரெண்டு மணிக்கே ஞாபகம் வந்துச்சு. சொல்லணும்னு எழுந்தேன். அந்த ரூம்ல நீங்க சிரிச்சீங்க. அவராவே வந்து கேக்கட்டும்னு உக்காந்துட்டேன். நான் மனுஷியே இல்லைங்க. திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க.”

அவர் திட்டவில்லை. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார், அரிதாரம் கையோடு வந்தது.

“நான் பாத்தேன்,” என்றார்.

“என்னத்த?”

“மாட்டும்போதே பாத்தேன். வெள்ளை நூலு, நீள நீளமா. இருபத்தாறு வருஷமா உன் தையலைப் பாக்கறேன், ஓட்டுத் தையல் எது, மிஷின் தையல் எதுன்னு எனக்குத் தெரியாதா?”

“பாத்துட்டுமா போட்டீங்க?”

“கொக்கியில மாட்டியிருந்துச்சு. சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.” சொல்லிவிட்டு, அது பொய் என்று அவருக்கே தெரிந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார். “இல்ல. அப்படி நினைக்கல. உன்கிட்ட வந்து கேக்கணுமேன்னு இருந்துச்சு. கேட்டா நான்தான் முதல்ல பேசின மாதிரி ஆயிடும். இழுத்துப் பாத்தேன், தாங்குச்சு. தாங்கும்னு போட்டுக்கிட்டேன்.”

அவள் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதினாலடிப் பள்ளமும் இரும்புச் சட்டமும் கடந்துபோன பயம். இது வேறு. இவளும் தெரிந்தே விட்டிருக்கிறாள், அவரும் தெரிந்தே போட்டிருக்கிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை; அதைச் செலவழிப்பதைவிட ஓர் உயிரைச் செலவழிப்பது இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்திருக்கிறது. வெறும் வீம்பு இதைச் செய்யுமென்றால், இந்த வீட்டில் இனி எதை நம்பிப் படுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஏங்க, நான் வந்திருக்கலைன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லாதே,” என்றார். நாற்காலியிலிருந்து இறங்கி, எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்து இரண்டு பேரும் அந்தக் கிழிந்த துண்டுகளைப் பார்த்தார்கள்.

வெளியே இயக்குநர் கதவைத் தட்டினார். “அண்ணே! அக்கா! ஜனங்க போக மாட்டேங்கறாங்க, ஒரு தடவை வந்து நில்லுங்க!”

அவர் மெல்லக் கையை நீட்டி அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.